கூலியாளாக வந்தவன் விளையாடினான்

ஹட்டனிலிருந்து நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் போகும் பாதையின் இரு மருங்கிலும் உள்ள தோட்டங்களில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்பில் ஏதோ ஒரு கடையில் இரண்டு மூன்று வருஷம் நின்று சம்பாதித்த இளைஞர்களில் சிலர், தாம் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு விளையாட்டுக்கென்றே ஒரு கணினியை உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்க்க விரும்புவதும், அந்த விருப்பத்தைக் கேட்ட மாத்திரத்தில் தாய் தகப்பனும், லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளின் பெரியவர்களும், "நம்ம நெலமைக்கு இது தேவையா?" என்று ஒரே குரலாகக் கேட்பதும் இப்போது மலையகத்தில் சாதாரணமாகக் காணக்கூடிய சங்கதிகள். கேள்வி பணத்தைப் பற்றியது போலத் தோன்றுகிறது. சற்று நிதானித்துப் பார்த்தால், வறியவன் விளையாடலாமா என்ற ஒரு கேள்வியும், விளையாடலாமென்றால் அதற்குரிய கருவியை எந்த அளவோடு அவன் நாட வேண்டும் என்ற மற்றொரு கேள்வியும் அதற்குள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதையும், இவ்விரண்டும் சமய விசாரத்தின் நடுவே நெடுங்காலமாக இருந்துவரும் கேள்விகளே என்பதையும் காணலாம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. விளையாட்டுக் கணினி ஒன்றுக்கு ஒன்றரை இலட்சம் ரூபா என்று மிகச் சிக்கனமாக வகுத்துக்கொண்டாலும் அது அந்தக் கணக்கில் 111 நாட் சம்பளமாகிறது. நாளொன்றுக்கு 18 கிலோ என்று பல தோட்டங்களில் கேட்கப்படும் அளவைக் கொண்டு பெருக்கினால் ஏறக்குறைய 2,000 கிலோ பச்சைக் கொழுந்தாகிறது. அட்டை கடிக்க, மழை நனைக்க, சரிவில் கால் ஊன்றி அவ்வளவு கொழுந்தையும் எடுப்பவள் ஒரு தாய். மகன் கையிலிருக்கும் பணம் அவனே கடையில் நின்று சேர்த்ததாக இருந்தாலும், குடும்பத்தின் கண் அதனை அந்தக் கொழுந்தின் எடையாலேயே அளக்கிறது. அப்படி அளப்பதில் தவறில்லை என்பது என் அபிப்பிராயம். உழைப்பின் எடை தெரியாதவன் வாங்கும் எந்தப் பொருளும் அவனுக்கு உரிமையாவதில்லை.

பெரியவர்களின் ஆட்சேபத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே நேர்மை. ஆசையே பிறவிக்கு வித்து என்று நம் முன்னோர் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். திருவள்ளுவர் அவா அறுத்தலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். புத்தர் பெருமான் துக்கத்துக்குக் காரணம் வேட்கை என்று கண்டார். சைவ சாஸ்திரங்களோ பாசத்தின் கட்டு நீங்குவதையே வாழ்வின் பிரயோஜனமாகக் கூறின. இப்படியிருக்க, கூரை ஒழுகும் வீட்டில், தங்கையின் படிப்புச் செலவும் தகப்பனின் மருந்துச் செலவும் காத்திருக்கையில், கற்பனையான ஒரு போர்க்களத்தில் கற்பனையான எதிரியைச் சுட்டு வீழ்த்தும் இன்பத்துக்காக ஒருவன் கைப்பணத்தைக் கொடுப்பது விவேகமாகுமா என்று அவர்கள் கேட்கிறார்கள். இந்த ஆட்சேபத்தில் ஆசையைப் பற்றிய பகுதி சத்தியம். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் வறியவனுக்கு விளையாட்டுத் தகாது என்று அதனோடு ஒட்டிக்கொண்டு வருகிற எண்ணம் இருக்கிறதே, அது எந்தச் சாஸ்திரத்திலிருந்தும் வந்ததாக நான் கருதவில்லை. தொழிலாளர் காலையில் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் பிறந்து, நாளடைவில் நம் வீடுகளுக்குள் புகுந்து, நம்முடைய வாயாலேயே பேசக் கற்றுக்கொண்ட எண்ணம் அது.

கோப்பித் தோட்டங்களுக்கு மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தவர்களும், 1869ஆம் ஆண்டு முதல் இலைநோய் கோப்பியை அழித்தபின், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்டுக் காட்டிய தேயிலையை மலை முழுவதும் பரப்பியவர்களும் நம் பாட்டன் பாட்டிமார்தாம். அவர்களுடைய பொழுது அவர்களுடையதாக இருக்கவில்லை. விடியுமுன் பெரட்டு, அங்கே பேர் கொடுத்தால்தான் அன்றைய நாள் ஒரு நாளாகக் கணக்கில் ஏறும், கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மனிதனின் ஒரு நாளைப் பாதியாக வெட்டிக் கணக்கெழுதும் ஓர் ஏற்பாட்டில் விளையாட்டுக்கு இடம் எங்கிருந்து வரும்? அதே மலைகளில் துரைமார்களுக்குக் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. கோல்ஃப் மைதானம் இருந்தது. நுவரெலியாவில் 1876ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஹில் கிளப் இருந்தது. டிம்புளவிலும் டரவளையிலும் கிரிக்கெட் ஆடினார்கள். அவர்கள் ஆடியதில் குற்றமில்லை. அவர்களுடைய ஆட்டம் நாகரிகத்துக்கு அடையாளமாகவும் தொழிலாளியின் ஆட்டம் சோம்பலுக்கு அடையாளமாகவும் கொள்ளப்பட்டதே குற்றம். பழைய கிரேக்க தேசத்தில் அரிஸ்டாட்டில், ஓய்வே வேலையின் பயன் என்று மிக உயர்ந்த ஓர் உண்மையைச் சொன்னார். சொன்ன அதே மனிதர் அந்த ஓய்வை அடிமைகளுக்கு உரியதாகக் கருதவில்லை. இவ்வளவு பெரிய அறிவாளியே இந்த இடத்தில் சறுக்கினார் என்றால், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சறுக்கியதில் வியப்பென்ன இருக்கிறது?

நம்முடைய சமயம் இந்த இடத்தில் சறுக்கவில்லை. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணம், மதுரையில் சிவபெருமான் செய்த 64 விளையாடல்களைச் சொல்வது. அவற்றுள் ஒன்று மண் சுமந்த கதை. வைகை பெருகிக் கரை உடைக்கிறது. வீட்டுக்கு ஒரு பங்கு என்று பாண்டியன் கரையை அளந்து விடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்ற கிழவிக்கு ஆள் துணை இல்லாமையால் அவள் பங்கு அடைபடாமல் கிடக்கிறது. அப்போது கூடையும் மண்வெட்டியுமாக ஒரு கூலியாள் வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு வேலைக்குப் போகிறான். போனவன் என்ன செய்தான்? பிட்டைத் தின்றான், பாடினான், ஆடினான், மண்ணைச் சுமப்பதும் கொட்டுவதுமாகப் பாசாங்கு செய்தான், களைத்தவன்போல் படுத்து உறங்கினான். மேற்பார்வை செய்தவர்கள் போய் முறையிட, அரசன் வந்து பிரம்பால் அடித்தான். அந்த அடி அடித்தவன் முதுகிலும், அவன் தேவியர் முதுகிலும், உலகத்து உயிர்கள் யாவற்றின் மீதும் விழுந்தது. கூலியாள் ஒரு கூடை மண்ணை உடைப்பிலே கொட்டி மறைந்தான், கரை அடைபட்டது.

ஆவணி மாதத்தில் மதுரையில் பிட்டுத் திருவிழாவாக இன்றும் நடத்திக் காட்டப்படும் இக்கதையை நான் மலையகத்துக்கென்றே ஒரு வேதம் போலக் கருதுகிறேன். கடவுள் அரசனாக வந்து விளையாடியிருக்கலாம். அப்படி வந்த விளையாடல்களும் அப்புராணத்தில் உண்டு. இங்கே அவர் நாட்கூலியாக வருகிறார். கூலியாக இருந்துகொண்டே விளையாடுகிறார். அந்த விளையாட்டுக்காகவே அடி வாங்குகிறார். அந்த அடியை உலகம் முழுவதற்கும் பங்கிடுகிறார். உழைப்பவனின் விளையாட்டைத் தண்டிப்பது எல்லா உயிரையும் தண்டிப்பதாகும் என்பதைவிட வேறு எந்தப் பொருளை இக்கதையிலிருந்து எடுப்பது? 'அவர் கடவுள், செய்தார், நாம் செய்யலாமா?' என்று கேட்கலாம். வேலையை விட்டுவிட்டு விளையாடு என்று கதை சொல்லவில்லை. உடைப்பு கடைசியில் அடைபட்டேதான் தீர்ந்தது. வேலையும் விளையாட்டும் ஒரே கூலியாளிடத்தில் கூடியிருக்கலாம் என்பதை அது காட்டுகிறது. அந்த அளவே நமக்குப் போதுமானது.

ஆனால் விளையாட்டு என்று பெயரிட்டுவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடுமா? அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதைத் தீர்த்து வைக்கிறார். படைத்தல் முதலிய தொழில்களை இறைவனின் விளையாட்டு என்று கூறுதலும் ஆகும் எனக் குறித்துவிட்டு, உயிர்களுக்குப் போகமும் முத்தியும் வழங்கி அவற்றின் மலங்களைத் துடைக்கும் அருளையும் அதற்குக் காரணமாக அவர் சொல்கிறார். விளையாட்டுக்கு ஒரு நோக்கம் உண்டு; அது உயிரை இளகச் செய்ய வேண்டும் என்பது இதனால் பெறப்படும். அந்த நோக்கத்துக்காகவே இறைவன் உயிர்களுக்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் கூட்டுவிக்கிறான் என்பது சித்தாந்தம்: சரீரம், கருவிகள், வாழ்வதற்கு ஓர் உலகம், நுகர்வதற்கு அனுபவங்கள். கருவி போகத்துக்காக, போகம் உயிரின் பக்குவத்துக்காக. இந்த வரிசை முன்பின்னாக மாறி, கருவியே குறிக்கோளாகிவிடும்போதுதான் அது பாசமாகிறது. விளையாட விரும்புகிறவனுக்கும் விளையாட்டுக் கருவியை விரும்புகிறவனுக்கும் உள்ள பேதம் இதுவே. வெளிப்பார்வைக்கு இருவரும் ஒரே கடை வாசலில் நிற்பார்கள்.

மலையகத்து மக்கள் இதை நூல் படிக்காமலே அறிந்திருந்தார்கள் என்பதற்குக் காமன் கூத்து சாட்சி. மாசி மாதத்தில் காமன் ஊன்றி, தப்பு முழங்க, பகலில் மலையில் வேலை செய்தவர்களே இரவில் இரதியாகவும் மதனாகவும் வேடம் புனைந்து, யோகத்திலிருந்த சிவனை எழுப்பப் போன மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்த கதையைத் தோட்டம் முழுவதும் கூடி நடத்துகிறார்கள். சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் தொகுத்துப் பாதுகாத்த இம்மக்களின் பாடல்களையும் இக்கூத்தையும் சேர்த்து நோக்கும்போது, உழைப்பு எவ்வளவு கடுமையாக இருந்தபோதிலும் விளையாட்டை இவர்கள் கைவிட்டதில்லை என்பது தெளிவாகும். அதிலும் இவர்கள் தேர்ந்தெடுத்த கதை ஆசை எரிந்த கதை. எரித்ததோடு கதை முடிவதில்லை, இரதியின் கண்ணீருக்கு இரங்கி, எரித்தவனே காமனைத் திரும்பக் கொடுக்கிறான், உடம்பில்லாதவனாகக் கொடுக்கிறான். ஆசையை ஒழித்துக்கட்டுவது சிவனுடைய கருத்தாக இருந்திருந்தால் அந்தச் சாம்பலை அவன் சாம்பலாகவே விட்டிருப்பான். ஆசை இருக்கட்டும், ஆனால் பொருள்களின் உருவத்தைப் பற்றிக்கொண்டு கொழுக்க வேண்டாம் என்பதே அந்த வரத்தின் தாத்பரியமாக எனக்குப் படுகிறது.

இனி அத்தகைய ஓர் இளைஞன் வாங்க நினைக்கும் உறுப்புகளின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்வோம். தத்துவம் பேசிவிட்டுப் பட்டியலைக் கீழே வைத்துவிடுவது அவனுக்குச் செய்யும் துரோகம். ஏனெனில் விவேகம் என்பது பொதுவாக இருப்பதில்லை, இந்தப் பொருளா அந்தப் பொருளா என்று நிற்கும் இடத்திலேதான் இருக்கிறது.

கடைக்குப் போகுமுன் அவன் தீர்மானிக்க வேண்டியது, எந்த விளையாட்டை எந்தத் திரையில் ஆடப் போகிறான் என்பதை. மற்ற யாவும் இதற்குக் கட்டுப்பட்டவை. 1,920க்கு 1,080 என்ற அளவுள்ள சாதாரண மொனிட்டரில் 20 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 சட்டகம் வேண்டுமென்றால், 17 மில்லி நொடிக்கும் குறைவான அவகாசத்தில் அத்தனை புள்ளிகளையும் இயந்திரம் புதிதாகக் கணித்துத் தீட்டியாக வேண்டும். நான்கு கே திரையை வாங்கினால் புள்ளிகள் நான்கு மடங்கு. வேலையும் ஏறக்குறைய அவ்வாறே. திரை ஒன்றைப் பெரிதாக வாங்கியவன் அதற்கு ஈடுகொடுக்க எல்லா உறுப்புகளையும் பெரிதாக வாங்க நேரும். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்றவை விலையின்றிக் கிடைப்பவை, படத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டால் எளிய இயந்திரத்திலும் ஆடக்கூடியவை. சைபர்பங்க் 2077 போன்றது அப்படியன்று. நண்பர்களோடு கூடி ஆடுவதற்கு முன்னவையே போதுமென்றால், போதும் என்ற அந்த முடிவை ஒரு விரதம் போல முன்கூட்டியே எடுத்துக்கொள்ளட்டும்.

அவ்வாறு எடுத்துக்கொண்டவனுக்கு, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி போன்ற, ஆறு கருக்களும் உள்ளேயே கிராஃபிக்ஸும் அமைந்த ஒரு ப்ராசஸர் போதும். தனியாகக் கிராஃபிக்ஸ் கார்ட் வாங்காமலே தொடங்கி, பிற்காலத்தில் கை சற்று ஓங்கும்போது அதே மதர்போர்டில் ஒரு கார்டைச் செருகிக்கொள்ளலாம். அத்தகைய ப்ராசஸர் தன் கிராஃபிக்ஸுக்கும் ரேமையே பங்கு கேட்பதால், 16 ஜி.பி. ஒன்றை வாங்குவதைவிட 8 ஜி.பி. இரண்டை வாங்கி இணையாகப் பொருத்துவது கண்ணுக்குத் தெரியும் அளவு வேகம் தரும். பெரிய விளையாட்டுகளும் வேண்டும் என்பவன், இன்டெல்லின் ஐ3 12100எஃப் போன்ற விலை குறைந்த ப்ராசஸரோடு ஆர்.எக்ஸ். 6600, ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர் போன்ற ஒரு கார்டைச் சேர்க்கலாம்; பெயரின் இறுதியில் எஃப் உள்ள ப்ராசஸரில் உள்கிராஃபிக்ஸ் கிடையாது என்பதை மறந்துவிட்டுக் கார்ட் இல்லாமல் அதை வாங்கியவன் இருண்ட திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். இங்கே கவனிக்கத்தக்கது உறுப்புகளின் பரஸ்பர சார்பு. வலிய கார்டை மெலிந்த ப்ராசஸரோடு சேர்த்தால் கார்ட் வேலையின்றிக் காத்து நிற்கிறது. வலிய ப்ராசஸரை மெலிந்த கார்டோடு சேர்த்தால் ப்ராசஸர் காத்து நிற்கிறது. ஓர் உறுப்பில் மிகையாகப் போட்ட பணம் மற்றோர் உறுப்பின் குறையால் பயனற்றுப் போகும் இந்த நியதியில், தனித்து உயர்ந்தது என்று எதுவும் இல்லை என்ற உண்மை பிரத்தியட்சமாக விளங்குகிறது.

பழைய கார்ட் வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. எதீரியம் என்ற மின்நாணயத்தைத் தோண்டி எடுப்பதற்காகப் பல வருஷம் இந்தக் கார்டுகள் இரவு பகல் ஓயாமல் இயக்கப்பட்டன. 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி அந்நாணயத்தின் முறை மாறியதும் அவை வேலை இழந்து செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து சேர்ந்தன. விளையாட்டுக்கென்று செய்யப்பட்ட ஒரு கருவியை ஒரு கணமும் ஓயவிடாமல் உழைக்க வைத்து, தேய்ந்தபின் தள்ளிவிட்ட இந்தச் செய்தியைக் கேட்கும்போது, தேயிலை மலையில் பிறந்த எனக்கு மனம் கனக்கிறது. மனிதரையும் அப்படித்தான் நடத்தினார்கள். அத்தகைய கார்டை வாங்கவே கூடாதென்று நான் சொல்லமாட்டேன். விற்பவன் முன்னிலையிலேயே அரைமணி நேரம் கனமான ஒரு விளையாட்டை ஓடவிட்டு, விசிறியின் ஓசையையும் வெப்பத்தின் அளவையும் திரையில் கோடுகள் தோன்றுகின்றனவா என்பதையும் பார்த்து வாங்கலாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் ஹட்டனிலேயே வாங்கினாலும் இந்தச் சோதனையை வேண்டாம் என்கிறவனிடம் வாங்க வேண்டாம். அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஒப்டிப்ளெக்ஸ் போன்ற பெட்டிகளும் மலிவாகக் கிடைக்கின்றன; அவற்றில் தனி மின் இணைப்பு கேட்காத ஜி.டி.எக்ஸ். 1650 வகையைப் பொருத்தலாம், பெட்டியின் உயரம் அதற்கு இடம் கொடுத்தால்.

எதில் சிக்கனம் செய்தாலும் பவர் சப்ளையில் செய்யக்கூடாது. பெட்டியில் 500 வாட் என்று அச்சிட்டு, அதில் பாதியைக்கூடத் தாங்காத சரக்குகள் உண்டு. அது பழுதாகும்போது தன்னோடு மற்ற உறுப்புகளையும் கொண்டுபோகும். திரையில் அது எந்த அழகையும் காட்டுவதில்லை; நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை; ஆகையால் ஆசை அதை எப்போதும் பட்டியலின் கடைசியில் தள்ளுகிறது. ஆசை தள்ளிவிட்டதை முன்னே கொண்டுவந்து வைப்பது விவேகத்தின் தொழில். மலையகத்தில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. சித்திரை, ஐப்பசி மாதப் பிற்பகல்களில் இடியும் மின்னலும் மிகுதி; மரம் முறிந்து மின்கம்பியில் விழுவது சகஜம்; காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் நீர் இலக்சபானவில் மின்சாரமாகித் தேசமெங்கும் ஒளி கொடுத்தபோதிலும், அவற்றின் கரையிலுள்ள லயங்கள் பலவற்றில் கம்பி இணைப்பு பழையது, தரைக்கம்பி இல்லாதது. கணினி வாங்குமுன் ஒரு மின்தொழிலாளரை அழைத்துத் தரைக்கம்பியைச் சரிபார்த்துக்கொள்வதும், சிறிய யூ.பி.எஸ். ஒன்றை வைத்துக்கொள்வதும், இடி கேட்டவுடன் செருகியைக் கழற்றிவிடுவதும் எந்தக் கார்டையும்விட முக்கியமானவை. மறுபுறம், நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவே ஆதலால், கொழும்புக்காரன் குளிர்விக்கும் சாதனங்களுக்குச் செலவிடும் பணம் நமக்கு மிச்சம். ப்ராசஸரோடு வரும் சாதாரண விசிறியே போதும். விறகடுப்பின் கரி விசிறியில் படியாத மூலையில் பெட்டியை வைத்தால் சரி.

பட்டியல் இவ்வாறு அமைந்தபின் வரும் சோதனைதான் உண்மையான சோதனை. இன்னும் பத்தாயிரம் போட்டால் இதற்கு மேலான கார்ட். அதற்கு மேல் பதினைந்தாயிரம் போட்டால் அடுத்தது. அந்தக் கார்டுக்கு இந்த ப்ராசஸர் போதாது. அந்த ப்ராசஸருக்கு வேறு மதர்போர்ட். ஒவ்வொரு படியும் தன்னளவில் நியாயமாகவே தோன்றும். படிகளெல்லாம் சேர்ந்து ஏறியவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்று பார்த்தால் நியாயத்தின் சுவடே இராது. ஆசையின் இயல்பை ஞானிகள் அலையென்றும் நெருப்பென்றும் வர்ணித்தார்கள்; அது ஒரு விலைப்பட்டியலின் உருவத்தில், தர்க்கத்தின் குரலில் பேசிக்கொண்டு வரும்போது அடையாளம் காண்பது அரிது. அதை நிறுத்தும் இடம் பட்டியலுக்குள் கிடையாது. எந்த விளையாட்டு, எந்தத் திரை என்று முன்னரே செய்துகொண்ட சங்கல்பத்தில்தான் இருக்கிறது. அதை மீறி வரும் ஒவ்வொரு ரூபாயும் விளையாட்டுக்காகச் செலவாவதில்லை, அயலானின் கண்ணுக்காகச் செலவாகிறது. நிறம் மாறி மாறி ஒளிரும் விசிறிகளைப் பற்றி நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில், டாலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணய மாற்று சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டபோது, இறக்குமதியாகும் பொருள் அனைத்தும் எட்டாத உயரத்துக்குப் போயின. கையில் பணம் சேரச் சேர விலை ஓடிப்போவதைக் கண்ட இளைஞர்கள் கடனில் வாங்கிவிட்டால் என்ன என்று நினைப்பது இயல்பே. இந்த ஓரிடத்தில் நான் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். நம் முன்னோர் கப்பலேறியபோதே வழிச்செலவு அவர்கள் பேரில் கடனாக எழுதப்பட்டது. துண்டு என்ற ஒரு சீட்டில் அந்தக் கடனைக் குறித்து, கடனைக் கொடுத்தவனிடமிருந்து மற்றொருவனுக்கு ஆளை மாற்றினார்கள். 1921ஆம் ஆண்டுதான் அந்த முறை ஒழிந்தது. மலையக மக்கள் வந்து 200 ஆண்டானதை நினைவுகூர்ந்து 2023இல் சிலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து சென்றார்கள்; அந்த நினைவில் இந்தக் கடனுக்கும் இடம் உண்டு. தீபாவளி முற்பணம் வாங்கி மாதாமாதம் கழித்துக்கொடுக்கும் குடும்பத்தில், தாயின் தோட்டை அடகு வைத்து விளையாட்டுக் கருவி வருமானால், அந்தக் கருவியின் முன் உட்காருகிறவன் விளையாடவில்லை. வட்டிக்கு வேலை செய்துகொண்டிருக்கிறான். விளையாட்டு சுதந்திரனுடைய செயல். கடனோடு அதற்கு உறவு கிடையாது.

இன்னொன்றும் உண்டு, அது பணத்தைச் சேர்ந்ததன்று. லயத்து அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதே அறையில் ஐந்து பேர் உறங்குவார்கள். அவர்களில் ஒருத்தி விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுக் கொழுந்துக்குப் போக வேண்டியவள். அங்கே ஒருவன் நள்ளிரவு தாண்டியும் திரையை எரியவிட்டுக் கூச்சலிட்டு ஆடினால், அவன் செலவிடுவது தன் பொழுதை மட்டுமன்று. காதில் மாட்டும் ஒலிக்கருவியைப் பட்டியலில் முதற்பொருள்களோடு சேர்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மண் சுமந்த கூலியாள் பகலிலே, எல்லோர் கண்ணுக்கும் முன்னால், வந்தி கொடுத்த பிட்டைத் தின்றுகொண்டு ஆடினான். காமன் கூத்தும் தோட்டத்தார் அனைவரும் கூடி ஆடும் ஆட்டமே. ஒரு வீட்டில் வந்து சேரும் கணினியில் தம்பியும் தங்கையும் பாடம் படிக்கட்டும், லயத்துப் பிள்ளைகள் முறை வைத்து ஆடட்டும், தகப்பன் பழைய படம் ஒன்று பார்க்கட்டும்; இவற்றுக்கெல்லாம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் ஒரு சதமும் தேவையில்லை.

தோட்டத்துப் பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இது. மகனோ மகளோ தான் சேர்த்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்ன விளையாட்டுக்கு இன்ன அளவில் இவ்வளவு போதும் என்று எழுதிக்கொண்டு வந்து நின்றால், மறுக்காதீர்கள். நம் நிலைமைக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள். வீட்டில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுங்கள். கடன் வாங்கித் தரச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். தரைக்கம்பியைச் சரிபார்க்கும் செலவை உங்கள் பங்காக ஏற்றுக்கொள்ளுங்கள்.